பொங்கல் தின்ற துப்பாக்கி

வெள்ளைத்துரை மாமாவின் இடிகம்பியைப் போல ஓர் ஆயுதம் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதை மட்டும் எல்லைக்கு அனுப்பி வைத்திருந்தால் ராணுவத்துக்குத் துப்பாக்கிச் செலவே இருந்திருக்காது. கம்பியைப் பார்த்ததுமே எதிரிகள் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே மலையில் ஒரு பிளவு தெரிகிறதே, அது மாமா ஒருநாள் அசதியில் கம்பியை அதன்மேல் சாய்த்து வைத்ததால் வந்தது. வைகையில் தண்ணீர் வராததற்கு எல்லோரும் மழையைத் திட்டுகிறார்கள். அந்தக் கம்பியைக் கழுவ மாமா எடுக்கிற தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இம்புட்டையும் டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் அவிழ்த்துவிட்டேன். பாதி நம்பிய ஒருத்தர் கம்பியைப் பார்க்க ஊருக்கே வந்துவிட்டார். மாமா எடுத்துக் காட்டியது விரல் தடிமனில் ஒரு தேக்குக் குச்சி. நுனியில் பித்தளைப் பூண். பெயரில்தான் கம்பி. அவருடைய அப்பா காலத்தில் இரும்பில் இருந்ததாம். இரும்பு உரசிப் பொறி பறந்தால் உள்ளே இருக்கிற வெடிமருந்து பற்றிக்கொள்ளும் என்று மாமா அதை மாற்றிவிட்டார். பெயரை மாற்றவில்லை.

வந்தவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல என்னண்ணே இருக்கு, கொடிக்கம்பு மாதிரி இருக்கு" என்றார்.

"இது இருந்தாத்தான் அது துப்பாக்கி. இல்லேன்னா வீட்டுக்குள்ள கெடக்குற குழா" என்றார் மாமா.

அது உண்மைதான். மாமாவுடையது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி. தோட்டாவெல்லாம் கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டிப் போட்டு, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நார் போட்டு, இடிகம்பியால் இடித்து இறுக்க வேண்டும். விசையை இழுத்தால், சுத்தியல் மாதிரி மேலே நிற்கிற குதிரை பாயும். குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் அடித்துப் பொறி கக்கும். அந்தப் பொறி, குழலின் பக்கவாட்டிலுள்ள சின்னத் துளை வழியாக உள்ளே போகும். அந்தத் துளைக்கு மாமா வைத்திருக்கும் பெயர் காது. வாய், காது, குதிரை எல்லாம் சேர்ந்ததால் அவருக்கு அது துப்பாக்கி இல்லை, தொழுவத்தில் கட்டியிருக்கிற ஒரு உருப்படி.

கழுவுகிற சாமான்கள் ஒரு சாக்குப்பையில் இருக்கும். காது குத்திச் சுத்தம் செய்ய ஒரு சாக்கு ஊசி. துணி சுற்றித் துடைக்க ஒரு மூங்கில் குச்சி. பாட்டிலில் இலுப்பை எண்ணெய். எந்தத் துணியும் ஆகாது, நூல் வேட்டிதான். ஒருதடவை நான் அத்தையின் நைலக்ஸ் சேலைத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு அவர் பேசவில்லை.

அந்தத் துப்பாக்கியால் செத்த பன்றி என்று ஒன்று எங்கள் ஊர் வரலாற்றில் கிடையாது. சத்தம் போதும். மலையடியில் இருக்கிற மாமாவின் கடலைக் காட்டுக்குள் பன்றிக்கூட்டம் இறங்கும்போது மேலே பார்த்து ஒரு வெடி. அதோடு அதுகள் வந்த வழியே திரும்பிவிடும். பக்கத்துக் காட்டு நல்லகாமனுக்கும் ஒருகாலத்தில் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முந்தின தேர்தலில் உள்ளே மருந்து இருப்பதை மறந்து அப்படியே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். கேஸ் ஆனது, லைசென்ஸ் போனது. அடுத்த வெள்ளாமையைப் பன்றி உழுதது. இப்போது அவர் நிலத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது, அவர் திருப்பூரில் பனியன் மடிக்கிறார். மாமா காட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கருவேலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த இடத்தில் மட்டும் அவர் நடை வேகமாகிவிடும்.

போன கோடையில் தீவனம் இல்லாமல் மாமா இரண்டு மாட்டையும் விற்றுவிட்டார். இந்தத் தைக்கு, தொண்ணூற்றெட்டில், மாட்டுப் பொங்கல் வந்தபோது தொழுவத்தில் ஒன்றும் இல்லை. ரெங்கம்மாள் அத்தை பழக்க தோஷத்தில் சர்க்கரைப் பொங்கலை வாழை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டது. மாமா இலையைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் முளைக்குச்சி முன்னால் நின்றார். கேலி பேச வாயெடுத்த நான் கரும்பைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியை எடுத்துவந்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். பிறகு ஒரு உருண்டைப் பொங்கலை எடுத்து அதன் வாயில் வைத்தார்.

"ஏங்க, என்னங்க இது கூத்து" என்றது அத்தை.

"வாயிருக்குல்ல. இந்த வீட்டுல இப்போ உழைக்கிற உருப்படி இது ஒண்ணுதான். இதுக்கு ஊட்டாம யாருக்கு ஊட்ட."

ஒரு வாய் ஊட்டினார். அடுத்த வாய். தொண்டையில் நிற்கக் கூடாது என்று இடிகம்பியால் உள்ளே வேறு தள்ளினார். முதல் நாள் சாயங்காலம் காட்டுக்குப் போக மருந்து கெட்டித்து வைத்திருந்ததும், போகாமலே திரும்பியதும் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தையும் சிரித்தது. துப்பாக்கி மறுபடியும் மூலைக்குப் போனது.

சில நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தலையாரி கருத்தக்கண்ணன் சைக்கிளில் வந்தார். இறங்கக்கூட இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னார்.

"வெள்ளைத்துரைண்ணே, பார்லிமெண்டு எலெக்சன். திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். கெட்டிச்சுக் கொண்டாந்துராதீக. நல்லகாமன் கதை தெரியும்ல?"

"தெரியும் தெரியும்" என்றார் மாமா. உடனே மூலையைப் பார்த்தார். துப்பாக்கியின் வாயிலிருந்து தரை வரைக்கும் ஒரு கோடு இறங்கியிருந்தது. எறும்பு.

அந்த எறும்பைப் பார்த்த பிறகுதான் அவருக்கு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அடியில் மருந்து, அதன்மேல் ரவை, அதன்மேல் வெல்லம் போட்ட பொங்கல். இடிகம்பியை விட்டுப் பார்த்தார். பாதியில் கல்லில் முட்டினாற்போல நின்றது. நுனியில் துணி சுற்றி, திருகிக்கொண்டே அழுத்தினார். கொஞ்சம் இறங்கியது. இன்னும் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. திரும்ப இழுத்தால் வரவில்லை.

அன்று முழுக்க இழுத்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் சைக்கிள் டியூபைச் சுற்றி இழுத்தோம். கயிறு கட்டி வேப்பமரத்தோடு இழுத்தோம். நான் வாய்க்கு நேராக நிற்கிறேன் என்று தெரிந்ததும் மாமா என்னைப் பிடித்துத் தள்ளியதில் முழங்கை சிராய்த்தது.

"செத்துப் போவடா மூதி. உள்ள மருந்து இருக்கு."

"நீங்க மட்டும் நிக்கிறீக."

"நான் தின்னவச்சவன். நான் நிப்பேன்."

சனிக்கிழமை நானும் அவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. அளவு காட்டுவதற்காகக் குழலின் வாயளவுக்கு ஒரு மூங்கிலை வெட்டி எடுத்துக்கொண்டார். சிம்மக்கல்லில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் ராஜாராம் என்ற சௌராஷ்டிரக்காரரிடம்தான் இந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் கம்பிக்குப் பூண் போடுவார்கள். அடைத்ததைக் குடைந்து எடுக்கிற திருகுமுனையும் அவரிடம் கிடைக்கும்.

மாமா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். ராஜாராம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பொங்கல்னா வெண்பொங்கலா, சக்கரைப் பொங்கலா?"

"சக்கரைப் பொங்கல்."

"முந்திரி போட்டதா?"

மாமா நிஜமாகவே யோசித்து, "கொஞ்சம்" என்றார். ராஜாராம் உள்ளே பார்த்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். உள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் வந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கடையில் இருந்த ஒரு அண்டாவைத் தூக்கி ராஜாராம் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் சிரித்து முடித்ததும் முகம் மாறி எழுந்துவந்தார்.

"வெள்ளைத்துரை, கோவிச்சுக்காதீங்க. திருகு தாரேன், ஆனா இப்போ அதால பிரயோஜனம் இல்ல. கம்பி உள்ள நிக்குதே, திருகு எந்த வழியாப் போகும்? மொதல்ல கம்பி வரணும். ஒண்ணு மட்டும் கேளுங்க. தப்பித்தவறிக்கூட அப்படியே வெடிச்சிராதீங்க. குழல் கிழிஞ்சு பூவா விரிஞ்சிரும். பிடிச்சிருக்கவன் முகம் இருக்காது."

திரும்பி வரும்போது மாமா திருமங்கலத்தில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் நான் கேட்காமல் எதையும் வாங்கித் தருகிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டார். அத்தையிடம் சொன்னார்.

"காட்டுக்குக் கொண்டுபோய் வெடிச்சிர்றேன்."

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. "அந்தக் கடைக்காரரு என்ன சொன்னாருன்னு இவன் சொல்லிட்டான்."

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. கம்பி தெறிச்சு வெளிய போனாலும் போகும்."

"போகலேன்னா?"

"போகலேன்னா என்ன? இப்படியே கொண்டுபோனா கேசு. கொண்டுபோகலேன்னாலும் கேசு. லைசென்ஸ் போச்சுன்னா காடு போச்சு. இந்த வயசுல திருப்பூர்ல போயி எவன்கிட்ட பனியன் மடிக்கப் படிக்கச் சொல்ற? குண்டடி பட்டுச் செத்தான்னு வேணா இருக்கட்டும். பொங்கல் ஊட்டி லைசென்ஸ விட்டான்னு இருக்க வேணாம்."

அத்தை ஊதுவதை நிறுத்திவிட்டது. புகை அதன் முகத்துக்கே வந்தது, நகரவில்லை.

வேட்டியை மடித்துக் கட்ட மாமா உள்ளே போனார். துப்பாக்கி வாசலில் சாய்ந்திருந்தது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டுவிட்டது, ஆனால் ஒரு கணக்கு அப்போது புரிந்தது. கல் இல்லை என்றால் பொறி இல்லை. குதிரையின் வாயைத் திருகித் தளர்த்தினேன். சக்கிமுக்கிக் கல்லைப் பிடுங்கி டவுசர் பைக்குள் போட்டேன். கல்லைச் சுற்றியிருந்த தோல் துண்டை மட்டும் அதே இடத்தில் வைத்து முறுக்கிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கல் இருக்கிற மாதிரியே இருந்தது. இந்த மாதிரி வேலையில் எனக்கு இணை நான்தான் என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு பெருமை வந்தது.

காட்டில் கடலைச்செடி கணுக்காலளவு பச்சையாக நின்றது. மாமா எங்களைக் கிணற்று மேட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார். அத்தை கேட்கவில்லை. நேராகப் போய் அவருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், வரப்பில் உட்கார்ந்துகொண்டது.

"எந்திரிச்சுப் போ."

"நீங்க வெடிங்க. நான் இங்கனதான் இருப்பேன்."

"ரெங்கு, சொன்னாக் கேளு."

"முப்பது வருசமாக் கேட்டது போதும்."

மாமா காதுக்கு வெளியே ஒட்டியிருக்கிற கிண்ணியில் கொஞ்சம் மருந்து வைத்தார். குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். குனிந்து அதைப் பார்த்தபடி நின்றார். பையிலிருந்த கல்லை நான் உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசையை இழுத்தார்.

டக்.

அவ்வளவுதான். கொக்கு ஒன்று பறந்தது. மாமா துப்பாக்கியை மெதுவாகத் தரையில் படுக்க வைத்தார். தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. ஒரு ஆண் பிள்ளை அப்படிச் சத்தமில்லாமல் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கண்ணில் என்னவோ பூச்சி விழுந்துவிட்டது, நான் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். மருந்து நமுத்திருக்கும், அதனால்தான் வெடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும், குதிரையைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராக அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்து மாமா முன்னால் வைத்தது. பொங்கல் பானை. அடிப்பிடித்திருந்த பானை.

"இதுல அம்புட்டுக் கனத்துக்குப் பத்துப் பிடிச்சிருந்துச்சு. சுரண்டுனேனா? உடைச்சேனா? வெந்நி ஊத்தி ஊறப் போட்டேன். காலையில தன்னால வந்துருச்சு. அங்க இருக்கதும் இதே பொங்கல்தான. இதுல பொங்குனதுதான."

மாமா அதை ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி பார்த்தார். "தண்ணி ஊத்துனா மருந்து நனைஞ்சிரும்."

"நனையட்டும்."

"மருந்து நனைஞ்சா வெடிக்காது."

"நானும் அதத்தான சொல்றேன்."

மாமா துப்பாக்கியைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். அவருடைய அப்பா அவருக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தது, மருந்தில் ஈரம் படக்கூடாது என்பதுதான். மழைக்காலத்தில் மருந்துப் புட்டியைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் அவர். உயிரை விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மருந்தை நனைக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

கிண்ணியில் இருந்த மருந்தைத் தட்டிக் கொட்டினார். துப்பாக்கியை வாய் மேலே இருக்கும்படி தூணோடு சேர்த்துக் கட்டினோம். அத்தை செம்பில் வெந்நீரைக் கொண்டுவந்து, கம்பியின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியது. முதலில் அப்படியே வழிந்தது. ஆறியதும் கவிழ்த்துவிட்டு மறுபடியும் ஊற்றியது. மாமா ஒவ்வொரு செம்புக்கும் முகத்தைச் சுளித்தார், தன் தலையிலேயே ஊற்றுகிற மாதிரி. பொழுது சாய்கிற நேரத்தில் காதிலிருந்து ஒரு சொட்டு வந்தது. கறுப்புச் சொட்டு. மாமா அதைத் தொட்டு விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"செத்துருச்சு" என்றார்.

"என்னது?"

"மருந்து."

அதற்குப் பிறகுதான் அவர் என்னை வாய்க்கு நேராக நிற்க விட்டார். திங்கள் விடிந்ததும் நான் கம்பியையும் அவர் துப்பாக்கிக் கட்டையையும் பிடித்துக்கொண்டு இழுத்தோம். சப்பென்று ஒரு சத்தம். நான் மல்லாந்து விழுந்தேன், கையில் கம்பி. வீடு முழுக்க வெல்லமும் கந்தகமும் கலந்து ஒரு வாசம் அடித்தது. துணியோடு ஒட்டி ஒரு முந்திரியும் வந்திருந்தது. ராஜாராம் கொடுத்த திருகால் நாரைக் குடைந்து எடுத்தோம். ரவை தரையில் உருண்டது. கடைசியாகக் கறுப்புக் கூழ். அத்தை இன்னொரு செம்பு வெந்நீர் ஊற்றிக் கழுவியது. மாமா நூல் துணியால் துடைத்தார், மறுபடி துடைத்தார், எண்ணெய் விட்டார்.

மத்தியானம் அவரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நின்றார்கள். ஏட்டு சோலை என்பவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். மாமாவின் முறை வந்தது. ஏட்டு இடிகம்பியை உருவி, குழலுக்குள் விட்டார். அது தடையில்லாமல் இறங்கி அடியில் ணங் என்று இரும்பில் தட்டியது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏட்டு கம்பியை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, கோயில் பிரசாத வாசம் அடிக்குது."

"பொங்கலுக்குக் கும்பிட்டதுங்கய்யா" என்றார் மாமா.

ஏட்டு குதிரையைப் பார்த்தார். தோல் துண்டை நகத்தால் விலக்கினார்.

"கல்லு எங்கய்யா?"

நான் டவுசர் பையைத் தொட்டுப் பார்த்தேன். கல்லைத் திருப்பி வைக்க மறந்தே போயிருந்தேன்.

"கல்லு இல்லாமக் குடுத்துட்டு, திருப்பி வாங்குறப்போ போலீஸ்காரன் களவாண்டுட்டான்னு சொல்லுவீங்க. முழுசாக் கொண்டாந்தா வாங்குறேன். இல்லேன்னா ஓரமா நில்லு. அஞ்சு மணிக்குக் கதவடைச்சிருவோம்."

நான் குனிந்து, வழியில் விழுந்திருக்குமோ என்பது போலத் தரையில் தேட ஆரம்பித்தேன். நன்றாகத்தான் தேடினேன். பின்னால் நின்றவர்கள்கூடக் காலைத் தூக்கி இடம் கொடுத்தார்கள்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்த்தபடியே இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

"மாப்ள. கொண்டா."

"எத மாமா?"

"டவுசர் பையில கெடக்கறத."

கல்லை எடுத்து வைத்தேன். அவர் அதை வாங்கி, குதிரையின் வாயில் பொருத்தி, திருகினார். ஏட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு துப்பாக்கியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே புளியமரத்தடிக்கு வந்த பிறகு கேட்டேன். "எப்போ மாமா பாத்தீக?"

"குதிரைய இழுத்தப்பவே."

"தெரிஞ்சேவா விசைய இழுத்தீக?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, என்னை முதல்தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இழுக்காம இருந்திருந்தா நீ கிணத்துப் பக்கம் போயி அழுதது எனக்குத் தெரியாமப் போயிருக்கும்ல" என்றார்.